எல்லாரும் எழுந்து நின்ற ஞாயிறு

என்னைக் கேட்டால் திருநெல்வேலிதான் எனக்கு வெளியூர். நான் இருப்பது ஜார்கண்டில், சந்தால் மக்கள் வாழும் ஒரு மலையடிவாரத்தில். நர்ஸ் வேலை. எங்கள் மிஷனெரி சங்கம் அங்கே ஒரு மருத்துவ நிலையம் நடத்துகிறது. மருத்துவ நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு வராந்தா, வாசலில் ஒரு கை பம்பு. டாக்டர் எப்போதாவது வருவார், மழை என்றால் அதுவும் இல்லை. மற்ற நாளெல்லாம் டாக்டர், நர்ஸ், கூட்டிப் பெருக்குகிறவள் எல்லாம் நான்தான்.

இப்போது முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. பிரசவம் பார்க்கத் தரையில் குந்தினால் எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது. மழைக்காலத்துக்குள் இன்னொரு நர்ஸ் வராவிட்டால் நிலையத்தைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். "உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு நர்ஸ்தானே, போய் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்று, சபை சபையாகப் போய்ப் பேச என்னை அனுப்பினார்கள். பெண் பார்க்கப் போகிறவளைப் போலக் கிளம்பினேன். மாப்பிள்ளைதான் கொஞ்சம் வசதி இல்லாதவன்.

கிளம்புகிற அன்று, மாதம் ஏறிய வயிற்றோடு ஒருத்தி வராந்தாவில் வந்து நின்றாள். போன வருடம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. சந்தாலியில் அவள் சொன்னது இதுதான்: "வருவேன் என்று சொல்லாதே. வந்துவிடு, போதும்."

பாளையங்கோட்டையில் தம்பி சாமுவேல் வீட்டில் தங்கினேன். தம்பி மனைவி சாந்தி என்னைப் பார்த்த கையோடு அடுப்பில் சொதி ஏற்றினாள். இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் பின்னாலேயே வந்தன. "மைனி, அங்கன என்னத்தத் தின்னியளோ, எலும்பும் தோலுமா வந்திருக்கிய" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். மலையில் எங்களுக்குச் சோறு, பருப்பு, காட்டில் கிடைக்கிற ஏதோ ஒரு கீரை. அதனால் நான் வெட்கப்படாமல் சாப்பிட்டேன். என் ஊர்க்காரர்களுக்கு ஊழியக்காரரைக் கண்டால் முதலில் நினைவுக்கு வருவது இலைதான். கேட்டதைக் கொடுக்க மனமில்லாத குறையைச் சோற்றில் தீர்த்துவிடுகிறார்கள் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

சாப்பாடு முடிந்ததும் குடும்ப ஜெபம். நான் இருக்கும்போது வேறு யார் ஜெபிப்பது? எல்லாரும் எழுந்து நின்றோம். சர்ச்சில், எங்கள் பேச்சில் கோயிலில், முழங்கால் போடுவோம், வீட்டில் நிற்போம். உட்கார்ந்தபடி ஜெபித்தால் அது ஜெபமில்லை என்பது அப்பா காலத்துச் சட்டம். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இன்றும் அதுதான். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தொடையில் கிள்ளு விழும்.

எனக்கு வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. அதுதான் கசக்கிறது. சில வருடங்களாக நான் ஜெபிக்கும்போது எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றுவதே இல்லை. எனக்கும் அவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. ஒரு காலத்தில் பக்கத்து அறையில் ஆள் இருப்பதுபோல் அவ்வளவு நிச்சயமாக இருந்தது. பிறகு ஒருநாள் கவனித்தேன், அறை காலி. வாய் மட்டும் பழைய பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எனக்காகவும் ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மறுநாள் பக்கத்துச் சபையில் பெண்கள் கூட்டம். எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிச் சட்டியில் போட்டுவைப்பார்கள். அது கர்த்தருக்கு. சேர்ந்ததும் கோயிலில் கொண்டுவந்து கொட்டுவார்கள், அதை விற்ற பணம் எங்களைப் போன்றவர்களுக்கு வந்து சேரும். என் சாப்பாடு இத்தனை வருடமும் அந்தக் கைப்பிடியில்தான் ஓடியது. ஆகையால் அந்தப் பெண்கள் முன்னால் நான் எப்போதும் பணிவாகத்தான் நிற்பேன்.

அவர்களுக்குக் கதை வேண்டியிருந்தது. "அங்கன புலி வருமா?" என்று ஒருவர் கேட்டார். "பேய் பிடிச்சவங்களைக் கூட்டிட்டு வருவாங்களா?" என்று இன்னொருவர். வயிற்றுப்போக்குதான் அதிகம் வரும் என்றேன். முகங்கள் சப்பென்று ஆகிவிட்டன. வந்த காரியத்தைச் சொல்லி, நர்ஸ் படித்த மகள் யாராவது இருந்தால் இரண்டு வருடத்துக்காவது அனுப்புங்கள் என்று கேட்டேன். முன்வரிசை அம்மா ஒருவர் கண் கலங்கிவிட்டார்.

"எம் மக நர்ஸ்தான் சிஸ்டர். அயர்லாந்துல இருக்கா. அவகிட்ட கண்டிப்பா சொல்லுதேன்."

"வரச் சொல்லுவீங்களா?"

"உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுதேன்."

அடுத்தவர் மகள் குவைத்தில், அதற்கடுத்தவர் மகள் மால்டாவில். ஜார்கண்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பூகோளத்தில் நாங்கள் படிக்காத தீவுகளெல்லாம் அவர்களுக்குப் பக்கத்துத் தெரு. கூட்டம் முடிந்து உளுந்தங்களி கொடுத்தார்கள், நல்லெண்ணெய் மிதக்க.

சனிக்கிழமை விக்கிரமசிங்கபுரத்துக்கு பஸ் ஏறினேன். சேரன்மகாதேவி தாண்டியதும் ஒருமாதிரி முனக ஆரம்பித்த வண்டி, கல்லிடைக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரேயடியாக நின்றுவிட்டது. இறங்கி ஒரு மருத மர நிழலில் நின்றோம். இரண்டு பக்கமும் நெல், வாய்க்கால் நிறையத் தண்ணீர். எங்கள் மலையில் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கு ஓடைவரை இறங்கி ஏறுவார்கள். இங்கே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, ஒரு பையன் எருமையின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

நெற்றி நிறையத் திருநீறோடு பக்கத்தில் நின்ற பெரியவர் பேச்சுக் கொடுத்தார். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவராம். நான் யார், எங்கே இருக்கிறேன் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்கன போயி மதம் மாத்துதியளோ?"

"ஊசி போடுதேன் அண்ணாச்சி."

"ஊசி போட்டா மாறிருவாவளோ?"

"காய்ச்சல் மாறும்."

அவர் சிரித்துவிட்டார். நான் ஆள் தேடி வந்த கதையையும் கேட்டுக்கொண்டார். "கெடைக்காது. எங்க தெருவுலயும் பிள்ளையளப் பூராம் அமெரிக்காவுக்கு நேந்து விட்டுட்டோம். எங்க சாமிக்கும் சரி, உங்க சாமிக்கும் சரி, மிச்சம் மீதிதான்" என்றார். இந்தப் பயணத்தில் என்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசிய முதல் ஆள் அவர்தான். அடுத்த பஸ் வந்ததும் எனக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவர் நின்றபடியே அம்பாசமுத்திரம் வரை வந்தார்.

விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லால் உண்டான ஊர். சைக்கிள்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்க நேரத்தை எனக்குக் கொடுத்திருந்தார்கள். புலிக் கதைக்குப் போகாமல் நடந்ததைச் சொன்னேன். போன மழையில், ஒரே நேரத்தில் இரண்டு பிரசவம், இரண்டு ஊர்; நான் ஒரு வீட்டில் இருந்தேன்; மற்ற வீட்டில் பிள்ளை போய்விட்டது. அந்தத் தாய்தான் இப்போது மறுபடியும் மாதம் ஏறி என் வராந்தாவில் நிற்கிறாள். கடைசியில், எங்கள் கூட்டங்களில் வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டேன்: "போக ஆயத்தமாக இருக்கிறவர்கள் இருந்த இடத்தில் எழுந்து நில்லுங்கள்."

ஒருவரும் அசையவில்லை. எனக்கு இது பழகிப்போன அமைதி. கண்ணை மூடிக்கொண்டால் கொஞ்சம் மரியாதையாக முடித்துவிடலாம் என்று நினைத்தபோது, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள். பச்சைச் சுடிதார், தலையில் முக்காடு. அழவில்லை, கையைத் தூக்கவில்லை. வகுப்பில் பேர் கூப்பிட்டதும் நிற்பதுபோல நின்றாள். பக்கத்தில் இருந்த அம்மா அவளை அண்ணாந்து பார்த்தார்.

ஐயர் சட்டென்று மைக்கை வாங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். "ஸ்தோத்திரம். நாம் எல்லாருமே எழுந்து நின்று நம்மைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுப்போம்" என்றார். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஒரு மூச்சுக்குள் சபை முழுவதும் எழுந்துவிட்டது. பாடகர் குழு, காணிக்கைப் பை எடுக்கிறவர்கள், வாசல் நிலையில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் நின்றார்கள். பச்சைச் சுடிதார் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள், உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் அசன விருந்துக்குக் காய் நறுக்க வருகிறவர்கள் அரிவாள்மணை கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்பு வாசித்தார்கள்.

மதியம் ஐயர் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. நான் இலையில் கை வைக்காமல் கேட்டேன்.

"ஐயரே, ஒரு பிள்ளை எழும்பிச்சே, அது யாரு?"

"எல்லாரும்லா எழும்பினாவ" என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார். "கெசியான்னு பேரு. அப்பாவுக்கு மில்லுல வேல போயிட்டு, நெஞ்சத் தொறந்து ஆபரேசன் பண்ணுன உடம்பு. அம்மா எஸ்தர் தையல் தைக்கா. இந்தப் பிள்ளை நர்ஸ் படிச்சு முடிச்சிட்டு, ஜெர்மன் பாஷையும் படிச்சு பரீட்சை எழுதியிருக்கு. அது ஜெர்மனிக்குப் போனாத்தான் அந்த வீடு நிமிரும். ஒரு வேகத்துல எழும்பிருது சிஸ்டர், அப்பொறம் ஆயுசு பூரா அழும். நான் மேய்ப்பன், அதையும் பாக்கணும்லா."

"என்னை அன்னைக்கு ஒருத்தரும் பாக்கலியே ஐயரே."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. இப்படி ஒரு கூட்டத்தில் நான் எழுந்து நின்றபோது கெசியாவைவிடச் சின்னவள். என்னைப் பீடத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்திக் கைதட்டினார்கள். அப்பா பெருமையில் அழுதார். அன்றைக்கும் ஒரு ஐயர், எல்லாரும் எழுந்து நிற்போம் என்று சொல்லியிருந்தால் என்று நினைத்தபோது வந்தது கோபமா ஏக்கமா என்று எனக்கே தெரியவில்லை. ஐயர் குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "கறி வச்சுக்கிடுங்க சிஸ்டர்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் பாபநாசம் போனேன். ஆற்றில் கால் வைத்தால் முட்டிக்கு நல்லது என்று ஐயர் வீட்டம்மா சொன்னதுதான் காரணம். சிவன் கோயிலுக்கு முன்னால் படித்துறையில் கூட்டம். பாவம் போக முழுகியவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். கரை முழுக்க ஈரத் துணி. முகம் சுளிக்கத்தான் வந்தது. ஆனால் நேற்று எங்கள் கோயிலில் எல்லாரும் தங்களையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்களே, அவர்கள் ஒரு கைக்குட்டையைக்கூட இழக்கவில்லை. மீன்கள் என் பாதத்தைக் கொத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, ஐயர் வீட்டுல கேட்டேன், இங்கன இருக்கியன்னாவ."

கெசியா. சைக்கிளில் வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். அவளும் காலைத் தண்ணீரில் விட்டாள்.

"நேத்து நான் எழும்பினத நீங்க பாத்தியளா?"

"பாத்தேன்."

"அது போதும். ஒருத்தரும் பாக்கலியோன்னு ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டே கெடந்தேன்." பிறகு கேட்டாள். "அங்கன போனா கர்த்தர் கூடவே இருக்காருன்னு தெரியுமாக்கா?"

இந்த இடத்தில் சொல்வதற்கென்றே என்னிடம் தயாராகச் சில வாக்கியங்கள் இருக்கின்றன. வாய் வரைக்கும் வந்தன. என் வராந்தாவுக்கு ஆள் வேண்டும், எதிரே உட்கார்ந்திருப்பது ஆள். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"முதல்ல தெரிஞ்சுது. இப்ப கொஞ்சக் காலமா தெரியல."

அவள் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. "அப்பொறம் எதுக்குத் திரும்பப் போறிய?" என்றாள்.

"வாசல்ல ஆளு நிக்குதே."

அவள் ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். "நீங்க நேத்து சாமி பேசினாரு, கனவு வந்துச்சுன்னு சொல்லியிருந்தா எழும்பியிருக்க மாட்டேன். ரெண்டு வீடு, ஒரு ஆளுன்னு சொன்னியள்லா, அதுலதான் எழும்பிட்டேன்" என்றாள். "நான் வாரேங்கா. வீட்டுல சொல்லிட்டுப் போன் பண்ணுதேன்."

என் மனசு எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு குதித்தது. இதை மறைக்க என்ன இருக்கிறது? பஸ்சில் திரும்பும்போது சங்கத்துக்குப் போன் பண்ணி, ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தேன். பக்கத்து அறையில் ஏதோ அரவம் கேட்டதுபோல் இருந்தது.

கடைசிக் கூட்டம் கூடங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பனங்காட்டுச் சபையில். தூரத்தில் அணு உலையின் குவிமாடங்கள், அதற்கப்பால் கடல். சாளை மீன் குழம்பும் பதநீரும் கொடுத்தார்கள். மைக் பாதியில் நின்றுபோனது. நான் கத்திப் பேசினேன். எழுந்து நில்லுங்கள் என்று அங்கே நான் கேட்கவே இல்லை, எனக்குத்தான் ஆள் இருக்கிறதே. அந்தச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் இரண்டு முறை மணியைப் பார்த்துவிட்டு, ஏன் ஒப்புக்கொடுத்தல் வைக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சாயங்காலம் அது அடித்தது. கெசியா இல்லை, அவள் அம்மா எஸ்தர்.

"சிஸ்டர், நாளைக்கு நீங்க ரயிலேறுதியன்னு ஐயர் சொன்னாவ. நாங்க மூணு பேரும் ஸ்டேஷனுக்கு வாரோம்."

வேறு எதுவும் சொல்லவில்லை. கெசியா பெட்டியோடு வருவாளா என்று ஒரு முட்டாள்தனமான எண்ணம் எனக்கு வந்தது. மறுநாள் திருநெல்வேலி ஜங்ஷனில், அவர்கள் பிளாட்பாரத்தில் நடந்து வருவதைப் பார்த்தேன். பெட்டி இல்லை. அவள் அப்பாவின் சட்டைப் பித்தானுக்கு மேலே ஆபரேசன் தழும்பு தெரிந்தது. எஸ்தர் கையில் ஒரு துணிப்பை. கெசியா வந்ததும் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் வீட்டுல சொன்னேங்கா" என்றாள்.

எஸ்தர் பையை என் மடியில் வைத்தார். அரிசி. "கைப்பிடி அரிசி, சிஸ்டர். கோயில்ல கொட்ட வேண்டியது. உங்க கையிலயே குடுத்திருவோம்னு கொண்டாந்தேன். சோத்துக்கு இல்லாத நாள்லயும் ஒரு கை எடுத்து வைக்காம நான் உலை வச்சதில்ல." பிறகு குரல் உடைந்தது. "அன்னைக்கு எழும்பினது இவ மட்டுந்தான்னு எனக்குத் தெரியும். பக்கத்துலதான இருந்தேன். ஐயர் எல்லாரையும் எழுப்புனப்ப எனக்கு உசிரு வந்துச்சு. என்ன செய்ய சிஸ்டர், நீங்களே சொல்லுங்க."

எனக்கு ஆத்திரப்பட வேண்டும்போல் இருந்தது. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரிசியை நீயே வைத்துக்கொள், பிள்ளையைக் கொடு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருடமும் நான் தின்றது இந்தப் பட்டினி வீட்டின் கைப்பிடி. அதைத் தின்ற வாயால் அப்படிக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. பை என் மடியில் கனத்தது.

"பரீட்சையில பாஸாயிட்டா" என்றார் அப்பா, முதல் தடவையாக வாயைத் திறந்து. "விசாதான் பாக்கி."

"நீங்க ஊழியக்காரவ" என்றார் எஸ்தர். "நீங்க கேட்டா கர்த்தர் தட்ட மாட்டாரு. விசாவுக்காக ஒரு வார்த்தை ஜெபிச்சிட்டுப் போங்க."

ரயில் வருவதாக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். பையை இறக்கி வைத்துவிட்டு, பெஞ்சின் கைப்பிடியை அழுத்திக்கொண்டு எழுந்தேன், முட்டி நெரிந்தது. அப்பா செருப்பைக் கழற்றினார். எஸ்தர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி, கெசியாவின் விசாவுக்காகவும், அவள் போகிற தேசத்துக்காகவும், அவள் கைகளுக்காகவும் கேட்டேன். வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. எதிரே யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் இத்தனை காலத்தில், கேட்டது கிடைக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஜெபம் அது ஒன்றுதான்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். எஸ்தர் நின்றுகொண்டிருந்தார், அப்பா நின்றுகொண்டிருந்தார், ஜெபச் சத்தம் கேட்டுப் பக்கத்து பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பமும் மரியாதைக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தது. கெசியா மட்டும், கண்ணை மூடாமல் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.